கூட வந்தவங்க யாரு?

1. படுத்துக் காட்டிய நாள்

பெரம்பலூரில் வெளிநாடு போகிற நர்ஸுகளுக்கான அந்த கோச்சிங் சென்டருக்கு நான் போனது வாட்ச்மேன் வேலைக்கு. டைரக்டர் கனகராஜ் சார் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இங்கிலீஷ் வருமா?"

"கல்ஃப்ல ஒரு ஆஸ்பத்திரியில ட்ராலி தள்ளிக்கிட்டு இருந்தேன் சார். ஃபிலிப்பைன்ஸ் சிஸ்டருங்க பேசுறதக் கேட்டுக் கேட்டு வந்துடுச்சு. எழுத வராது."

"எழுத வேணாம். அந்தக் கட்டில்ல படுங்க."

படுத்தேன்.

"இப்ப உங்களுக்கு வயித்து வலி. முகத்துல காட்டுங்க."

காட்டுவதற்கு நான் ஒன்றும் செய்யவில்லை. வேலை கேட்டு வந்த இடத்தில் படுக்கச் சொன்னால் எனக்கு வயிறு தானாகவே வலிக்கும். சார் என் முகத்தைப் பார்த்து ஒரு நிமிஷம் பயந்துவிட்டார்.

"போதும்யா, எந்திரிங்க. நாளைலேருந்து வந்துடுங்க."

வாட்ச்மேனுக்கு வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். நான் பேஷண்ட் ஆனேன். வீட்டில் போய்ச் சொன்னபோது என் மனைவி செல்வி அடுப்பிலிருந்து திரும்பாமலே கேட்டாள்.

"என்ன வேலையாம்?"

"பேஷண்ட்."

"அதத்தான் இத்தன வருசமா இங்க சும்மா பாத்துக்கிட்டு இருக்கீங்களே."

அவள் சொன்னதில் பொய்யில்லை. நான் பிறவியிலேயே கவலைப்படுகிறவன். எட்டாவது முழுப் பரீட்சை அன்று காலையில் வயிற்றைக் கலக்கியது. பஸ்ஸில் ஏறாமல் நின்றுவிட்டேன். அதற்குப் பிறகு பள்ளிக்கூடத்துப் பக்கம் போகிற பஸ் எதிலும் ஏறவில்லை. ஒரு தும்மல் வந்தால் நுரையீரல் வரைக்கும் யோசிக்கிற ஆள் நான். அப்படிப்பட்டவனுக்குத் தினம் ஒரு நோய் கொடுத்துச் சம்பளமும் கொடுத்தால் என்ன ஆகும் என்று கனகராஜ் சார் யோசிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை ஆஸ்துமா என்றால் வியாழக்கிழமை வரைக்கும் எனக்கு மூச்சு வாங்கும். சர்க்கரை நோயாளியாகப் படுத்த வாரம் முழுக்க வீட்டில் யார் டீயிலும் சர்க்கரை போட விடவில்லை. பிரசவ வார்டு நோயாளியாகப் படுத்த ஒரு நாள்தான் நிம்மதியாக வீட்டுக்குப் போனேன்.

2. வெளிநாட்டுக்கு வழி

எப்படிப் போவது என்று என்னிடமே கேட்கிற நர்ஸ் பிள்ளைகள் உண்டு. கட்டிலில் படுத்துக் கிடந்தபோது காதில் விழுந்ததைச் சொல்கிறேன்.

டிப்ளமோவோ டிகிரியோ, முதலில் நம் மாநில நர்சிங் கவுன்சிலில் பதிவு இருக்க வேண்டும். அது காலாவதி ஆகாமல் இருக்க வேண்டும். வேலை பார்த்த ஆஸ்பத்திரியின் அனுபவச் சான்று வேண்டும். இவர் மேல் புகார் எதுவும் இல்லை என்று கவுன்சில் தரும் கடிதமும் வேண்டும். கல்ஃப் என்றால் நம் சர்டிஃபிகேட் நிஜம்தானா என்று ஒரு கம்பெனி நம் காலேஜுக்கே எழுதிக் கேட்கும். அதோடு கம்ப்யூட்டரில் எழுதும் நர்சிங் பரீட்சை. ஜெர்மனி என்றால் முதலில் அவர்கள் பாஷை. போன பிறகும் அங்கே கொஞ்ச காலம் பழகவோ பரீட்சை எழுதவோ சொல்வார்கள். இங்கிலாந்து என்றால் இங்கிலீஷ் பரீட்சை, கம்ப்யூட்டர் பரீட்சை, அங்கே இறங்கிய பிறகு கையால் செய்து காட்டும் பரீட்சை.

விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். அந்தந்த நாட்டு கவுன்சிலின் வெப்சைட்டை நீங்களே பாருங்கள். ஏஜென்ட் சொன்னார் என்று கிளம்பாதீர்கள். பேஷண்ட் சொன்னார் என்றும் கிளம்பாதீர்கள்.

எங்கள் சென்டரில் முக்கியமாக நடந்தது இங்கிலீஷ் பேச்சுத் தேர்வுக்கான பயிற்சி. கையில் ஒரு கார்டு கொடுப்பார்கள். நீங்கள் நர்ஸ், எதிரில் இருப்பவர் பேஷண்ட், அவருக்கு இன்ன பிரச்சினை என்று அதில் இருக்கும். ஐந்து நிமிஷம் பேச வேண்டும். நிஜப் பரீட்சையில் கட்டில் எல்லாம் கிடையாது. ஆனால் கனகராஜ் சார், மூடிப்போன ஒரு நர்சிங் ஹோமிலிருந்து இரும்புக் கட்டில் ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். அதன் தலைப்பக்கம் தூக்கினது தூக்கினபடி மாட்டிக்கொண்டு இறங்காது. ஆகவே எங்கள் சென்டரில் எந்த நோயாளியாக இருந்தாலும் பாதி உட்கார்ந்த நிலைதான்.

கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி. கூட இருக்கிறவர்கள் உட்கார. கூட இருக்க ஆள் யாரும் இல்லை, ஆனாலும் ஆஸ்பத்திரி என்றால் அது வேண்டுமல்லவா. வாசல் போர்டில் 'ரியல் பெட், ரியல் பேஷண்ட்' என்று எழுதி வைத்திருந்தார். சிறுவாச்சூர்க் கோயிலுக்கு வந்து திரும்பிய ஒரு குடும்பம் அதைப் பார்த்துவிட்டுப் பெரியவருக்கு பிபி பார்க்க உள்ளே வந்துவிட்டது. பார்த்துத்தான் அனுப்பினோம். எனக்கும் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். எனக்குத்தான் அதிகம் இருந்தது.

3. ஜெசிந்தா சிஸ்டர்

ஜெசிந்தா சிஸ்டருக்கு ஊர் வரதராஜன்பேட்டை. அரியலூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பல வருஷம் வேலை பார்த்தவர். கான்வென்டில் படித்தவர், இங்கிலீஷ் தண்ணீர் மாதிரி வரும். கம்ப்யூட்டர் பரீட்சை பாஸ். இங்கிலாந்தில் ஒரு ஆஸ்பத்திரி வேலையும் கொடுத்துவிட்டது. பேச்சுத் தேர்வில் மட்டும் ஃபெயில். இன்னும் ஒரு தடவை எழுதிப் பாருங்கள், அதிலும் வரவில்லை என்றால் இடத்தை வேறு ஆளுக்குக் கொடுத்துவிடுவோம் என்று அந்த ஆஸ்பத்திரி மரியாதையாக மெயில் அனுப்பியிருந்தது.

அதற்குள் இவர் அரியலூர் வேலையிலிருந்து ரிலீவ் ஆகிவிட்டார். வீட்டுக்காரர் ஆலத்தியூர் சிமெண்ட் ஆலைப் பக்கம் கான்ட்ராக்ட் வேலை. ஒரு மாசம் இருக்கும், ஒரு மாசம் இருக்காது. மாசாமாசம் வந்துகொண்டிருந்தது சிஸ்டர் சம்பளம் ஒன்றுதான். போதாததற்கு மேட்ரன் கேக் வெட்டி, சக்கரம் வைத்த பெட்டி ஒன்றையும் பரிசாகக் கொடுத்து வழியனுப்பிவிட்டார். ஊரில் பூசையில் பெயர் சொல்லி வேண்டிக்கொண்டாயிற்று.

"இப்ப ஃபெயில் ஆனா வெளிநாட்டுக்கும் போக முடியாது, ஊருக்குள்ளயும் போக முடியாதுண்ணே," என்றார் என்னிடம். "அந்தப் பெட்டிய எங்க கொண்டுபோயி ஒளிச்சு வைப்பேன்?"

அவருக்காக நானும் கவலைப்பட ஆரம்பித்தேன். எனக்கு அது சிரமமான காரியம் இல்லை.

கனகராஜ் சார், "உனக்கு க்ராமர்ல வீக்னஸ் இருக்கும்மா" என்று ஒரு தடித்த புத்தகத்தைக் கொடுத்தார். சிஸ்டர் அதில் இருந்த ரெண்டு தப்பைக் காட்டித் திருப்பிக் கொடுத்துவிட்டார். பிறகு சார் ஒரு நாள் எங்கள் ரோல்-ப்ளேயைத் தன் போனில் வீடியோ எடுத்து, எல்லாரையும் சுற்றி நிற்க வைத்துப் போட்டுக் காட்டினார்.

வீடியோவில் நான் படுத்திருக்கிறேன். ஜெசிந்தா சிஸ்டர் வருகிறார், சிரிக்கிறார், பெயர் சொல்கிறார். பிறகு எனக்கு வரப்போகும் ஆபரேஷனைப் பற்றி அழகான இங்கிலீஷில் விளக்குகிறார். சிவப்பு நாற்காலியிடம். நடுவில் நான், "வில் இட் ஹர்ட், சிஸ்டர்?" என்று கேட்கிறேன். சிஸ்டர் நாற்காலியைப் பார்த்து, "நத்திங் டு வொர்ரி, எவ்ரிதிங் வில் பி ஆல்ரைட்" என்கிறார்.

வகுப்பே சிரித்தது. சிஸ்டர் சிரிக்கவில்லை.

"சார், நான் யார்கிட்ட பேசுறேன்?"

"அதாம்மா நானும் பாக்குறேன்."

நாற்காலியைத் தூக்கி வராண்டாவில் போட்டார்கள். அடுத்த ரோல்-ப்ளேயில் சிஸ்டர் சலைன் ஸ்டாண்டிடம் பேசினார். அதையும் எடுத்தார்கள். ஃபேன் சுவிட்சிடம் பேசினார்.

"சுவத்த இடிக்க முடியாதும்மா," என்றார் சார்.

அன்று டீ குடிக்கும்போது சிஸ்டர் சொன்னார். "வேணும்னு செய்யலண்ணே. நம்ம ஊர்ல பெட்டுகிட்ட போனதும் வாயில மொத வர்ற கேள்வியே 'கூட வந்தவங்க யாரு?'ங்கிறதுதான். மாத்திரை அவங்ககிட்ட, ரிப்போர்ட் அவங்ககிட்ட, நல்லது கெட்டது எல்லாம் அவங்ககிட்ட. பேஷண்ட் சும்மா நடுவுல படுத்திருப்பாரு. ஒரு தடவ ஒரு பெரியவரு, 'எனக்கு என்னம்மா?'ன்னு கேட்டாரு. பாவமா இருந்துச்சு, சொல்லிட்டேன். அவரு மகன் வந்து, 'எங்கப்பாவ நீ கொன்னுட்டே'ன்னு வார்டு நடுவுல நின்னு கத்துனான். அதுலேருந்து நான் பேஷண்ட் முகத்தப் பாக்குறதே இல்லண்ணே. பாத்தா கேட்டுடுவாங்க."

"கேட்டா?"

"'ஒண்ணுமில்ல, சரியாப் போயிடும்'னு சொல்லிட்டு வந்துடுவேன்."

டீயைப் பாதியிலேயே வைத்துவிட்டேன். காரணம் இருந்தது.

4. ஆப்பிள்

அதற்குக் கொஞ்ச நாள் முன்னால்தான் எனக்கு நிஜமாகவே வயிறு வலித்தது. கார்டில் இல்லாத வலி. வலது பக்கம், சாப்பிட்ட பிறகு. டவுனில் ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தோம். நான் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருக்கும்போதே கதவு திறந்து ஒரு குரல் கேட்டது.

"மாணிக்கம் கூட வந்தவங்க மட்டும் உள்ள வாங்க."

மட்டும். செல்வி உள்ளே போனாள். நான் வெளியே பெஞ்சில். அவள் திரும்பி வரும்போது என்னைப் பார்க்காமல் செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

"என்னவாம்?"

"ஒண்ணுமில்லையாம். கேஸுதானாம். வாங்க, பஸ் வந்துடும்."

அன்றிலிருந்து செல்வி என்னிடம் சண்டை போடவில்லை. இருபது வருஷத்துக்கு மேலாகக் குடித்தனம் நடத்துகிறோம், இப்படி ஒரு அமைதி வீட்டில் இருந்ததில்லை. மீன் குழம்பில் நடுத்துண்டு என் தட்டுக்கு வந்தது. துண்டைக் கட்டிலில் போட்டேன், ஒரு வார்த்தை இல்லை. ஈரத் துண்டையே போட்டுப் பார்த்தேன், எடுத்துக் கொடியில் போட்டாள். அப்போதே எனக்குப் பாதி உயிர் போய்விட்டது. மீதிப் பாதி ஞாயிற்றுக்கிழமை போனது. அவள் தம்பி, கல்யாணத்துக்குப் பிறகு என் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்து சாப்பிட்டுப் போவதையே பழக்கமாக வைத்திருந்தவன், ஒரு பை ஆப்பிளோடு வந்தான்.

"என்னடா விசேஷம்?"

"சும்மாதான் மாமா. உடம்பப் பாத்துக்குங்க."

ஆப்பிள் ஒவ்வொன்றிலும் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது. சாதாரண வியாதிக்கு அந்த ஆப்பிளை அவன் வாங்க மாட்டான்.

மறுபடி கேட்டேன். செல்வி "ஒண்ணுமில்லன்னு சொல்றேன்ல" என்றாள். நேராக டாக்டரிடமே போய்க் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கவலைப்படுகிறவனுக்கு அந்தத் தைரியம் இருந்தால் அவன் எதற்குக் கவலைப்படப் போகிறான்.

5. கார்டில் இல்லாதது

ஜெசிந்தா சிஸ்டரின் பரீட்சைக்கு முந்தின வாரம். சார் கட்டிலுக்குப் பக்கத்தில் எதுவும் இல்லாமல் துடைத்து வைத்திருந்தார். வகுப்பு சுவரோரம் நின்றது. எனக்குக் கொடுத்த கார்டு: நீங்கள் ஸ்கேன் எடுத்துவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறீர்கள், யாரும் எதுவும் சொல்லவில்லை, பதற்றமாக இருக்கிறீர்கள்.

எந்தப் பாவி எழுதின கார்டோ.

சிஸ்டர் வந்தார், பெயர் சொன்னார், என்னை எப்படிக் கூப்பிடலாம் என்று கேட்டார். நான் மனப்பாடம் செய்திருந்த வரியைத் தொடங்கினேன். "சிஸ்டர், நோபடி இஸ் டெல்லிங் மீ..." அதற்கு மேல் இங்கிலீஷ் வரவில்லை.

"சிஸ்டர், எனக்கு என்னன்னு யாருமே சொல்ல மாட்டேங்குறாங்க. கேட்டா ஒண்ணுமில்லங்குறாங்க. ஒண்ணுமில்லாதவனுக்கு எதுக்கு நடுத்துண்டு?"

யாரோ சிரித்தார்கள். கனகராஜ் சார், "மாணிக்கம், கார்டுல இருக்குறத மட்டும் பேசுங்க" என்றார்.

சிஸ்டர் வழக்கம்போல ஃபேன் சுவிட்ச் பக்கம் திரும்பிவிட்டார். "நத்திங்..." என்று ஆரம்பித்தும் விட்டார். அப்படியே நிறுத்தினார். சாரைப் பார்த்து இருங்கள் என்று கை காட்டிவிட்டு விடுவிடுவென்று வராண்டாவுக்குப் போனார். சிவப்பு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, என் முகத்துக்கு நேரே போட்டு, அதில் அவரே உட்கார்ந்தார்.

"மாணிக்கண்ணே. இது கார்டா, நெசமா?"

"நெசம் சிஸ்டர்."

"உங்களுக்கு என்னன்னு எனக்குத் தெரியாது. நான் ஸ்கேன் பாக்கல. ஒண்ணுமில்லன்னு சொல்லிட்டுப் போறது எனக்கு ரொம்ப சுலபம். இன்னிக்கு சொல்ல மாட்டேன். நீங்க எத நெனச்சு பயப்படுறீங்க?"

அந்த வார்த்தையை நான் வாய்விட்டுச் சொன்னதே இல்லை. "கேன்சர்."

"அப்படின்னு யாராச்சும் சொன்னாங்களா?"

"யாரும் சொல்லல. மச்சான் ஆப்பிள் வாங்கிட்டு வந்தான்."

சுவரோரம் மறுபடி சிரிப்பு. சிஸ்டர் சிரிக்கவில்லை. என் முகத்திலிருந்து கண்ணையும் எடுக்கவில்லை. "சரி, ஆப்பிள் வந்துச்சு. அப்பறம்?" என்றார். செல்வி செருப்பைப் பார்த்துக்கொண்டு வந்ததிலிருந்து ஈரத் துண்டு வரை எல்லாவற்றையும் நான் சொன்னேன். முழுக்கக் கேட்டார்.

"என்னன்னு தெரிஞ்சுக்கணுமாண்ணே, வேணாமா? வேணாம்னாலும் தப்பில்ல."

"தெரிஞ்சுக்கணும்."

"அப்ப நாளைக்கு டாக்டர் ரூமுக்குள்ள நீங்க போறீங்க. அண்ணி உள்ள வரணுமா, வெளிய இருக்கணுமாங்குறது உங்க இஷ்டம். உள்ள போனதும் என்ன கேக்கப் போறீங்க? இப்பவே என்கிட்ட கேட்டுப் பாருங்க."

"எனக்கு என்ன டாக்டர்?"

"அவ்வளவுதான். அதையே கேளுங்க."

சார் கடிகாரத்தைக் காட்டினார். "அஞ்சு நிமிஷம் எப்பவோ தாண்டிடுச்சும்மா. அதுவும் பாதிக்கு மேல தமிழ்."

"தாண்டட்டும் சார். இதையே இங்கிலீஷ்ல ஒரு தடவ பேசிக்கிறேன்," என்றார் சிஸ்டர். பேசினார். நாற்காலியை விட்டு எழவில்லை. நானும் அழுது முடித்துவிட்டு இங்கிலீஷில் பதில் சொன்னேன். சார் மார்க் போடுகிற பேப்பரை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "இப்படியே போயிட்டு வாம்மா" என்றார்.

6. கல்லு

மறுநாள் டாக்டரிடம் போனேன். செல்வியையும் உள்ளே கூட்டிக்கொண்டேன். கேட்டேன். டாக்டர் என்னை விநோதமாகப் பார்த்தார்.

"பித்தப்பையில கல்லு. ஆபரேஷன் பண்ணிடறது நல்லது. அன்னைக்கே உங்க வீட்ல சொன்னேனே. நீங்கதான் முடிவு பண்ண லேட் பண்றீங்கன்னு நெனச்சேன்."

வெளியே வந்ததும் செல்வி அழுதாள். "ஆபரேஷன்னு சொன்னா அதுக்கு முன்னாடியே நீங்க கவலையிலயே போயிடுவீங்கன்னு பயந்தேன். கொஞ்சம் தேத்திட்டு சொல்லலாம்னு இருந்தேன்."

"தேத்துறதுக்கா நடுத்துண்டு?"

"பின்ன?"

கல் என்று கேட்டதும் எனக்கு வந்த சந்தோஷத்தை இங்கே எழுதினால் நம்ப மாட்டீர்கள். வீட்டுக்குப் போய் ஈரத் துண்டைக் கட்டிலில் போட்டேன். செல்வி திட்டினாள். காது குளிர்ந்தது.

ஆபரேஷன் முடிந்து வார்டில் கிடந்தபோது ஜெசிந்தா சிஸ்டர் பார்க்க வந்தார். கையில் ஆப்பிள் இல்லை. செல்வி டீ வாங்கப் போயிருந்ததால் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கிறார் என்றுதான் நான் நினைத்திருந்தேன். நான் கேட்க வாயெடுப்பதற்குள் டியூட்டி நர்ஸ் வந்துவிட்டார். சின்னப் பெண். என் தலைக்கு மேலாக சிஸ்டரைப் பார்த்துக் கேட்டார்.

"பேஷண்ட்டுக்கு காத்து பிரிஞ்சுதாங்க?"

ஜெசிந்தா சிஸ்டர் பழக்கதோஷத்தில் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார்.

"எனக்கு எப்படிங்க சிஸ்டர் தெரியும்? அவரையே கேளுங்க."

அந்தப் பெண் அப்போதுதான் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "ஐயா, காத்து பிரிஞ்சுதா?"

"பிரிஞ்சுடுச்சு சிஸ்டர். தேங்க்யூ ஃபார் ஆஸ்கிங்," என்றேன். தொழில் பழக்கம்.

அவர் போன பிறகு ஜெசிந்தா சிஸ்டர், "அண்ணே, ரிசல்ட் வந்துடுச்சு" என்றார். அவர் முகத்தை வைத்து ஊகிக்கப் பார்த்தேன். பிறகு அந்த வேலையை விட்டுவிட்டு நேராகவே கேட்டேன்.

"பாஸா, ஃபெயிலா?"

"பாஸ். பெட்டிய கட்டிலுக்கு அடியிலேருந்து எடுத்துட்டேன்."

பரீட்சையில் அவருக்கு வந்த கார்டு என்ன, என்ன பேசினார் என்று கேட்டேன். அது நினைவில்லை என்றார். எதிரில் இருந்தவர் முகம் மட்டும் நன்றாக நினைவிருக்கிறதாம்.

வெளிநாடு போகிற பிள்ளைகளுக்கு, படுத்துக் கிடந்தே சம்பாதித்தவன் சொல்ல இவ்வளவுதான் இருக்கிறது. க்ராமரைப் படியுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் கட்டிலில் இருக்கிற ஆளின் முகத்தைப் பார்த்துப் பேசுங்கள். தெரிந்ததைச் சொல்லுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். 'ஒண்ணுமில்ல' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போகாதீர்கள். நீங்கள் அடுத்த கட்டிலுக்குப் போய்விடுவீர்கள், அவன் அதை வைத்துக்கொண்டு என்னவெல்லாம் செய்வான் என்று எனக்குத் தெரியும். போகிற நாட்டில் மட்டும் இல்லை, அரியலூரிலும் இது செல்லும்.

நான் மறுபடி வேலைக்குப் போனபோது சிவப்பு நாற்காலி கட்டிலுக்குப் பக்கத்தில் திரும்ப வந்திருந்தது. புதிதாகச் சேருகிறவர்களிடம் கனகராஜ் சார் முதல் நாளே அதைக் காட்டி, "அது சொந்தக்காரங்களுக்கு இல்லம்மா, உங்களுக்கு. உக்காந்து பேசுங்க" என்கிறார். வாசல் போர்டிலும் புதுப் பெயிண்டில் ஒன்றைச் சேர்த்துவிட்டார். ரியல் பெட், ரியல் பேஷண்ட், ரியல் சேர்.